போல் ஸ்க்ரூ: சுழற்சியைத் தள்ளலாக மாற்றுவதும், அதை மெஷினில் ஒழுங்காகப் பூட்டுவதும்

போல் ஸ்க்ரூ என்பது ஒரு திருகுத் தண்டும், உள்ளே குண்டுகள் உருளும் ஒரு நட்டும். புதிதாக வந்த போல் ஸ்க்ரூவைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். நட் தன் பாரத்திலேயே சுழன்று சுழன்று கீழே இறங்கி, முனையைத் தாண்டிக் கழன்று விழலாம். விழுந்தால் உள்ளே இருக்கும் குண்டுகள் அத்தனையும் தரையில்தான். நான் இதிலிருந்தே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தச்சுப் பட்டறைக் கிடுக்கியின் திருகாணியை எப்படி நிமிர்த்தினாலும் அதன் நட் அசையாது. போல் ஸ்க்ரூவின் நட் இறங்குகிறது. இந்த ஒரு வித்தியாசம் ஏன் என்று விளங்கிவிட்டால் மிச்சம் எல்லாம் தன்பாட்டில் விளங்கும்.

திருகோணமலையில் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை, கதவுப் பலகை, சாமியறைக் கதவில் வரும் பூ வேலை எல்லாம் நானே பூட்டிய சீ.என்.சீ ரவுட்டரில், அதாவது கொம்பியூட்டர் சொல்கிறபடி ஓடி மரம் வெட்டும் மெஷினில், வெட்டுகிறோம். நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் பக்கமிருந்து தாங்களும் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் வந்து கேட்பார்கள். எல்லோரும் மோட்டரைப் பற்றியும் கொம்பியூட்டரைப் பற்றியும்தான் கேட்கிறார்கள், நடுவில் இருக்கும் இந்தத் தண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மெஷின் சரியாக வெட்டுவதும் வெட்டாததும் பாதிக்கு மேல் இந்தத் தண்டில்தான் இருக்கிறது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: போல் ஸ்க்ரூவின் வேலை தள்ளுவது மட்டும். பாரம் சுமப்பது அதன் வேலை இல்லை, வளைந்த மெஷினை நேராக்குவதும் அதன் வேலை இல்லை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வையுங்கள்.

தாளில் ஒரு சாய்தளம்

ஒரு தாளில் செங்கோண முக்கோணம் ஒன்று வெட்டுங்கள். அடி 50 மில்லிமீற்றர், உயரம் 5 மில்லிமீற்றர். நீளமாக, தட்டையாக, ஒரு மெல்லிய ஆப்பு மாதிரி இருக்கும். இப்போது 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு கம்பியில் அதைச் சுற்றுங்கள். 16 மில்லிமீற்றர் வட்டத்தின் சுற்றளவு 50 மில்லிமீற்றரை விடக் கொஞ்சம்தான் கூட, ஆகவே தாள் கிட்டத்தட்டச் சரியாக ஒரு சுற்று வரும், அதன் சரிந்த விளிம்பு கம்பியில் ஒரு புரியாக ஏறும். தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையில் 5 மில்லிமீற்றர். திருகாணி என்பது இவ்வளவுதான், கம்பியில் சுற்றி வைத்த சாய்தளம். பள்ளிக்கூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சி பாவித்தபோது புரியிடைத் தூரம் என்று படித்தோமே, அதே விசயம்.

தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. நட் கூடவே சுற்றாதபடி மேசையில், அதாவது மெஷினில் முன்னும் பின்னும் ஓடுகிற பகுதியில், இறுக்கப்பட்டிருக்கிறது. சுற்ற முடியாத நட்டுக்கு வேறு வழி இல்லை, சரிவில் ஏறி 5 மில்லிமீற்றர் முன்னே போகத்தான் வேண்டும். நட்டைச் சுற்ற விட்டால் அது தண்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். சுழற்சி நேர் அசைவாக மாறுவது, நட்டைச் சுற்ற விடாமல் தடுப்பதால்தான். அந்தத் தடுப்பைக் கொடுப்பது, மேசை நேராக ஓடுவதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் ரெயில்கள்.

பத்துக்கு ஒன்று சரிவு என்பதால் தண்டின் ஓரத்தில் 1 கிலோ அளவு தள்ளினால், உராய்வே இல்லாவிட்டால், முன்பக்கம் 10 கிலோ அளவு தள்ளல் கிடைக்கும். உராய்வே இல்லாவிட்டால் என்று சொன்னேன். சாதாரணத் திருகாணியில் அங்கேதான் காசு முழுக்கக் கரைகிறது. நட்டின் புரியும் தண்டின் புரியும் முகத்தோடு முகம் தேய்த்துக்கொண்டு வழுக்குகின்றன, கொடுத்த வேலையில் பெரும்பகுதி சூடாகவும் தேய்மானமாகவும் போய்விடுகிறது. மெஷின்களில் வரும் சரிவகப் புரித் தண்டுகளில் வினைத்திறன் பொதுவாக 20 முதல் 40 சதவீதம். போல் ஸ்க்ரூவில் 90 சதவீதத்துக்குக் கிட்ட.

வள்ளம் இழுக்கிற முறை

எப்படி அந்த 90 வருகிறது என்பதைக் கடற்கரையில் பார்க்கலாம். வள்ளத்தை மணலில் வெறுமனே இழுத்தால் எத்தனை பேர் வேண்டும். அதே வள்ளத்தின் கீழே உருளைக் கட்டைகளைப் போட்டால் நாலைந்து பேர் கதைத்துக் கதைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். வள்ளம் ஓரடி போனால் கீழே இருக்கும் கட்டை அரை அடிதான் போகும். அதனால் கட்டைகள் மெல்ல மெல்லப் பின்தங்கி, கடைசியில் பின்பக்கத்தால் வெளியே வந்துவிடும். ஒரு பொடியன் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி, மறுபடி மூக்குக்குக் கீழே போடுவான். அந்தப் பொடியன் நின்றால் வள்ளமும் நிற்கும்.

போல் ஸ்க்ரூவின் நட்டுக்குள் நடப்பது அச்சொட்டாக இதுதான். தண்டில் ஒரு தவாளிப்பு, நட்டின் உட்பக்கத்தில் அதற்கு எதிரே இன்னொரு தவாளிப்பு, இரண்டுக்கும் நடுவில் வரிசையாக உருக்குக் குண்டுகள். தண்டு சுற்றும்போது குண்டுகள் உருள்கின்றன, வழுக்குவதில்லை. உருண்டுகொண்டே நட்டைவிடப் பின்தங்குகின்றன. பின்தங்கியவை நட்டை விட்டு வெளியே போகாமல் திரும்ப முன்னால் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு வழி வெட்டியிருக்கும், கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பொடியனின் வேலையை அது செய்கிறது. சில நட்டுகளில் அந்த வழி வெளியே வளைந்து தெரியும் ஒரு குழாய். நாங்கள் அதிகம் பாவிக்கிற சின்ன நட்டுகளில் உள்ளேயே ஒரு சிறு துண்டு பதித்திருப்பார்கள், குண்டு ஒரு சுற்று வந்ததும் அந்தத் துண்டு அதைத் தண்டின் புரி முகட்டுக்கு மேலால் ஏற்றிப் பக்கத்துத் தவாளிப்பில், அதாவது தொடங்கிய இடத்திலேயே இறக்கிவிடும். அப்படியானால் ஒவ்வொரு சுற்றும் தனித்தனி வளையம், ஒரு வளையத்துக் குண்டு அடுத்ததற்குப் போகாது. பின்னால் குண்டு கோக்கும்போது இது தேவைப்படும்.

தவாளிப்பின் வடிவத்தையும் ஒருமுறை பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் முனையைத் திருப்பிப் பார்த்தால் அது அரை வட்டமாக இருக்காது, இரண்டு வளைவுகள் அடியில் ஒரு மெல்லிய கோட்டில் சந்திக்கும். குண்டு அடியைத் தொடாமல் இரண்டு பக்கச் சுவர்களில்தான் உட்காரும். முன்னே தள்ளும்போது ஒரு சுவர், பின்னே தள்ளும்போது மற்றது. திசை மாறும்போது ஆட்டம் குறைவாக இருப்பது இதனால்தான். நடுவில் இருக்கும் அந்தக் கோட்டுப் பள்ளத்தில் கிறீஸும் கொஞ்சம் தங்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1898இலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள், 1940இல் கார் ஸ்டீரிங்குக்குள் வந்துவிட்டது. எங்கள் லொறிகளின் ஸ்டீரிங் பொக்ஸைக் கழற்றிய மெக்கானிக் யாரையாவது கேளுங்கள், உள்ளே குண்டு ஓடுகிற நட்டைப் பற்றி அவர் வடிவாகச் சொல்வார்.

உராய்வு இல்லாததன் மறுபக்கம்தான் முதல் வரியில் சொன்னது. சுற்றினால் தள்ளும், தள்ளினால் சுற்றும். மேலும் கீழும் போகிற அச்சில் போல் ஸ்க்ரூ போட்டால், கரண்ட் போன கணத்தில் ரவுட்டர் தலை தன் பாரத்தில் இறங்கிப் பலகையில் குத்தும். பாரமான தலையென்றால் பிரேக் உள்ள மோட்டரோ, தலையைத் தாங்குகிற வாயு ஸ்பிரிங்கோ கட்டாயம் வேண்டும். மேலும் கீழும் ஓடுகிற அச்சுக்கு மட்டும், தலை மிகப் பாரமில்லாவிட்டால், பழைய சரிவகப் புரித் தண்டே போதும் என்பது என் எண்ணம். அது தானாக இறங்காது.

எந்த அளவு வாங்குவது

பெயரில் இருக்கும் நாலு இலக்கம்தான் முக்கியம். 1605 என்றால் விட்டம் 16, லீட் 5. 1610 என்றால் விட்டம் 16, லீட் 10. 2005, 2010 இதே மாதிரி. லீட் என்பது ஒரு சுற்றுக்கு நட் போகும் தூரம். ஒரே புரி ஓடுகிற தண்டில் புரியிடைத் தூரமும் லீட்டும் ஒன்றுதான், இரண்டு மூன்று புரிகள் சமாந்தரமாக ஓடினால் லீட் அத்தனை மடங்கு. கடையில் எதைக் கொடுத்தார்கள் என்று சந்தேகமாக இருந்தால் தண்டில் ஒரு பேனாக் கோடு போட்டு, நட் எங்கே இருக்கிறது என்று அளந்து, நட்டைப் பிடித்துக்கொண்டு தண்டை முழுதாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். 50 மில்லிமீற்றர் போனால் லீட் 5. ஒரு சுற்றை மட்டும் அளந்தால் கண் பிழை பெரிதாகத் தெரியும், பத்துச் சுற்றில் அது பத்தில் ஒன்றாகிவிடும்.

லீட்டைத் தெரிவு செய்வது வேகத்துக்கும் பலத்துக்கும் நடுவில் ஒரு பேரம். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் லீட் 5இல் 3000 மில்லிமீற்றர் ஓடும், லீட் 10இல் 6000. ஆனால் லீட் இரட்டித்தால் அதே தள்ளலுக்கு இரண்டு மடங்கு முறுக்கம், அதாவது தண்டைச் சுற்றும் பலம், வேண்டும். கணக்கு இப்படி: தள்ளும் விசையை லீட்டால் பெருக்கி, இரண்டு பையால், அதாவது 6.28ஆல், வகுத்து, வினைத்திறனாலும் வகுத்தால் முறுக்கம். 500 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 50 கிலோ தள்ளல் வேண்டும், லீட் 0.005 மீற்றர், வினைத்திறன் 0.9. விடை 0.44 நியூற்றன் மீற்றர். அதே வேலையை 30 சதவீத வினைத்திறனுள்ள சாதாரணப் புரித் தண்டில் செய்தால் 1.33 நியூற்றன் மீற்றர். மூன்று மடங்கு மோட்டர். படிப்படியாகச் சுற்றுகிற ஸ்டெப்பர் மோட்டரின் மேல் எழுதியிருக்கும் முறுக்கம் அது அசையாமல் நிற்கும்போது உள்ளது, வேகம் கூடக் கூட அது இறங்கிக்கொண்டே போகும், ஆகவே கணக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்காவது கையில் வைத்திருங்கள்.

மரம் வெட்டும் ரவுட்டருக்கு, முதிரை, பாலை மாதிரி வைரம் பாய்ந்த மரம் என்றாலும், ஒரு மீற்றர் வரைக்கும் 1605 போதும். அதற்கு மேல் நீளமென்றால் விட்டத்தைக் கூட்டுங்கள். காரணம் பாரம் இல்லை, துள்ளல். நீளமான மெல்லிய தண்டை வேகமாகச் சுற்றினால் அது நடுவில் கயிறு மாதிரி வீசத் தொடங்கும். எந்த வேகத்தில் தொடங்கும் என்பது விட்டத்துக்கு நேராகவும், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராகவும் போகிறது. நீளம் இரட்டித்தால் அந்த எல்லை வேகம் கால்வாசியாகிவிடும். இரண்டு மீற்றர் மெஷின் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அந்த நீளத்துக்கு ரேக் பினியன், அதாவது பல் வெட்டிய சட்டத்தில் பல் சக்கரம் ஓடுகிற முறை, நல்ல வழி.

தரத்தில் சி 7 என்பதுதான் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது. உருட்டிச் செய்த தண்டு, 300 மில்லிமீற்றர் ஓட்டத்தில் 0.05 அளவு பிழை இருக்கலாம். சி 5 என்றால் 0.018. இரும்பு அச்சு வெட்டுகிறவர்களுக்கு அது வேண்டும், மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் சி 7 தாராளம்.

தண்டின் இரண்டு முனைகளையும் லேத்தில் கடைந்து வாங்குங்கள், முடிந்தால் விற்கிற இடத்திலேயே. தண்டின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது, சாதாரண லேத் டூலை அது தின்றுவிடும். 1605க்குப் பொதுவாகப் போடும் தாங்கிகள் பி.கே 12, பி.எஃப் 12. பி.கே என்பது மோட்டர் பக்கம், அதுதான் தண்டை முன்னும் பின்னும் அசையாமல் பிடிக்கிறது. பி.எஃப் மற்ற முனை, அது தண்டைச் சுற்ற விட்டு மேலே தாங்குவது மட்டும். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பட்டறை எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை. ஒரு மீற்றர் உருக்கு 10 பாகை சூடேறினால் 0.12 மில்லிமீற்றர் அளவு நீளும். அது நீள இடம் வேண்டும். இரண்டு முனையும் பூட்டியிருந்தால் தண்டு வில்லாக வளையும்.

பி.கே தாங்கி வந்ததும் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பெயரிங்கின் இலக்கத்தைப் பாருங்கள். 7001 என்று தொடங்க வேண்டும், அது பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குகிற சாய்கோணப் பெயரிங், சோடியாகப் போடுவார்கள். எனக்கு ஒரு தடவை வந்ததில் 6001 இருந்தது. 12க்கு 28, அகலம் 8, அளவு அச்சொட்டாக ஒன்றுதான், வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் அது சாதாரண ஆழ்குழிப் பெயரிங், எவ்வளவு இறுக்கினாலும் தண்டு முன்னும் பின்னும் ஒரு நூலளவு ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு கிழமை நட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூட்டுகிற வரிசை

முதலில் ரெயில். எப்போதும் ரெயில்தான் முதலில். ஒரு ரெயிலை நேராக இறுக்கிவிட்டு, அதில் ஓடுகிற வண்டியில் டயல் கேஜைப் (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவுகருவி) பூட்டி, இரண்டாவது ரெயிலின் பக்கத்தைத் தொட வைத்து, முனையிலிருந்து முனைக்குத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு ஆணியாக இறுக்கிக்கொண்டு போங்கள். ஊசி முழு நீளத்துக்கும் 0.03க்குள் நின்றால் மரவேலைக்குப் போதும். இப்போது மேசையை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். ஒரு விரலுக்கு ஓடாத மேசையில் ஸ்க்ரூவைப் பூட்டாதீர்கள். ஸ்க்ரூ அதை ஓட வைத்துவிடும், அதுதான் பிரச்சினை. பலம் இருப்பதால் பிழையை மறைத்துக்கொண்டு ஓடும், ஆறு மாதத்தில் குண்டுகளும் தவாளிப்பும் தின்னப்பட்டுவிடும்.

அப்புறம் ஸ்க்ரூ. பி.கே, பி.எஃப், நட் ஹவுசிங் மூன்றின் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் பிடிக்க வையுங்கள், ஸ்பனர் வேண்டாம். நட் ஹவுசிங் என்பது நட்டை மேசையோடு சேர்க்கும் கட்டை. மேசையை பி.கே பக்கம் கடைசி வரைக்கும் கொண்டுபோங்கள். இந்த இடத்தில் தண்டு எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே விட்டு, முதலில் நட் ஹவுசிங்கை இறுக்குங்கள், பிறகு பி.கேயை. உயரம் பொருந்தாவிட்டால் கீழே தகடு வைக்க வேண்டும், வலிந்து இறுக்கி உட்கார வைக்கக் கூடாது. மென்பான அலுமினியக் கேனை வெட்டினால் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தகடு கிடைக்கும். பிறகு மேசையை பி.எஃப் பக்கம் கடைசிக்குக் கொண்டுபோய், அங்கே தண்டு தானாக உட்காரும் இடத்தில் பி.எஃப்பை இறுக்குங்கள்.

இப்போது மோட்டரைப் பூட்டாமல் தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றுங்கள். மெதுவாக. இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. முழு நீளத்துக்கும் கைக்கு ஒரே பாரமாக இருக்க வேண்டும். நல்ல ஸ்க்ரூவில் குண்டுகள் வழியில் ஏறி இறங்குகிற ஒரு மெல்லிய கிறுகிறுப்பு விரலில் தெரியும், அது பரவாயில்லை. இறுகுவதும் தளர்வதும்தான் பிழை.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி போன மாதம் தன் மெஷினின் வீடியோவைக் காட்டினார். “அண்ணா, ஸ்க்ரூ புதுசு, பெயரிங் புதுசு, நடுவில லேசா ஓடுது, ரெண்டு பக்கமும் போனா மட்டும் பிடிக்குது.”

“தம்பி, நட் ஹவுசிங்கில இருக்கிற நாலு போல்ட்டையும் தளர்த்திப்போட்டுச் சுத்திப் பாருங்க.”

தளர்த்தியதும் ஓடியது. நடுவில் தண்டு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் பிழை தெரியாது. முனைகளில் பெயரிங் பக்கத்தில் இருப்பதால் வளைய இடமில்லை, அங்கேதான் பிடிக்கும். அவருக்கு உயரம் 0.3 அளவு வித்தியாசம். கேன் தகடு மூன்று வைத்ததும் சரியாகிவிட்டது.

மோட்டரையும் தண்டையும் சேர்க்கும் கப்ளிங் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற வகையாக இருக்கட்டும், நடுவில் ரப்பர் மாதிரி நட்சத்திரத் துண்டு உள்ளது நல்லது. நேராக இரும்புக் குழாய் ஒன்றைக் கடைந்து இரண்டையும் சேர்த்தால் மோட்டரின் பெயரிங்தான் முதலில் போகும். கப்ளிங்கின் சின்ன ஸ்க்ரூ தளர்ந்தால் வெட்டு இடம் மாறும், பலர் அதை மென்பொருள் பிழை என்று நினைத்துத் தேடுகிறார்கள்.

மென்பொருளில் போட வேண்டிய எண் இலகு. சாதாரண ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டரை ஓட்டும் மின்கருவியான டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. லீட் 5 என்றால் 1600ஐ 5ஆல் வகுத்து, ஒரு மில்லிமீற்றருக்கு 320 படி. லீட் 10 என்றால் 160. போட்டபின் 300 மில்லிமீற்றர் ஓடச் சொல்லி அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்தாதீர்கள், லீட்டையோ டிரைவர் சுவிட்சையோ பிழையாக வாசித்திருக்கிறீர்கள்.

ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது

திசை மாறும்போது மோட்டர் சுற்றியும் மேசை அசையாமல் நிற்கிற அந்தச் சிறு இடைவெளியைத்தான் பக்லாஷ் என்கிறோம். வட்டம் வெட்டினால் அது வட்டமாக வராது, நாலு இடத்தில் சின்னச் சின்னத் தட்டை விழும். அளக்க டயல் கேஜை மெஷின் உடலில் நிறுத்தி, ஊசியை மேசையில் தொட வையுங்கள். மேசையை ஒரு பக்கமாக 2 மில்லிமீற்றர் ஓட்டி நிறுத்தி, ஊசியை பூச்சியத்தில் வையுங்கள். அதே பக்கம் இன்னும் 1 மில்லிமீற்றர் ஓட்டி, பிறகு 1 மில்லிமீற்றர் திருப்பி ஓட்டுங்கள். ஊசி பூச்சியத்துக்கு வர வேண்டும். 0.06 மிச்சமிருந்தால் அதுதான் பக்லாஷ்.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நட் வாங்க ஓடாதீர்கள். இப்போது ஊசியைத் தண்டின் முனையில், நடு மையத்தில் தொட வைத்து, மேசையைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். தண்டே அசைந்தால் குற்றம் பி.கே பக்கம், பெரும்பாலும் அதன் பூட்டு நட் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் நான் சொன்ன 6001 கதை. தண்டு அசையாமல் மேசை மட்டும் அசைந்தால் நட், அல்லது நட் ஹவுசிங்கின் போல்ட். நட்டுக்குள்ளேயே ஆட்டம் என்றால் ஒரு துளி பெரிய குண்டுகளைப் போட்டு அதை எடுக்கலாம், நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றரை விடச் சிறிய வித்தியாசத்தில் குண்டுகள் விற்கிறார்கள். அல்லது இரண்டு நட்டை ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கிப் பாவிக்கலாம். அப்படி இறுக்கம் கொடுத்தால் ஆயுள் குறையும். விசைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு கன வீதம், விசையைப் பாதியாக்கினால் ஆயுள் எட்டு மடங்கு, இரட்டித்தால் எட்டில் ஒன்று. மரவேலைக்கு 0.05 வரை ஆட்டம் இருந்தால் நான் தொட மாட்டேன்.

நட்டைக் கழற்ற வேண்டி வந்தால்

தண்டின் புரி அடிவிட்டத்தை விட ஒரு நூல் குறைந்த வெளிவிட்டமுள்ள குழாய் ஒன்று வேண்டும். நட்டோடு ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்திருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள், அது அதற்குத்தான். குழாயைத் தண்டின் முனையோடு முட்ட வைத்து, நட்டைத் தண்டிலிருந்து நேரே குழாய்க்கு மேல் சுற்றி ஏற்றுங்கள். குண்டுகள் குழாயின் மேல் நிற்கும், விழாது. திரும்பப் போடுவதும் இதே வழியால்.

நான் முதல் தடவை குழாய் இல்லாமல் கழற்றினேன். சிமெந்துத் தரையில் குண்டுகள் சிதறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரவு கரண்ட் லைட்டில் காந்தத்தைக் கம்பியில் கட்டி மேசைக்கு அடியில் எல்லாம் தேடினோம், இரண்டு குண்டு கிடைக்கவில்லை. 1605இன் குண்டு 3.175 மில்லிமீற்றர், அதாவது எட்டில் ஒரு அங்குலம், சைக்கிள் பிரீவீலில் வருவதும் அதே அளவு. சைக்கிள் கடையில் வாங்கி இரண்டைப் போட்டுவிட்டேன். அளவு பெயருக்குத்தான் ஒன்று. அந்த இரண்டும் மற்றவற்றை விட ஒரு துளி பெரிதாக இருந்திருக்க வேண்டும், முழுப் பாரமும் அவற்றின் மேல் விழுந்து, சுற்றும்போது ஒரு இடத்தில் டக் டக் என்று தட்டியது. கடைசியில் நட்டை முழுதாகக் காலி செய்து, துல்லியத் தரக் குண்டுகள் ஒரே பொதியிலிருந்து எல்லாவற்றையும் கோத்தேன்.

கோக்கும்போது தவாளிப்பில் கெட்டியாகக் கிறீஸ் பூசி, குண்டுகளைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போங்கள். வளையங்கள் தனித்தனி என்று சொன்னேன், நடுவில் இருக்கும் வெற்றுப் புரியில் குண்டு போட்டால் அது திரும்பி வர வழியில்லாமல் சிக்கும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு குண்டளவு இடம் வெறுமையாக இருக்கட்டும், முட்ட நிரப்பினால் குண்டுகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு இறுகும்.

உப்பும் தூளும்

திருகோணமலையில் கடல் எங்கும் பக்கம். காற்றில் உப்பு இருக்கிறது, வாடைக் காலத்தில் ஈரமும் சேரும். கையின் வியர்வை பட்ட விரலடையாளம் தண்டில் இரண்டே நாளில் துருவாக எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். துருப் புள்ளி ஒன்று தவாளிப்பில் விழுந்தால் ஒவ்வொரு குண்டும் அதில் ஏறி இறங்கும். பாவிக்காத தண்டை எண்ணெய்த் தாளில் சுற்றி, இரண்டு முனையிலும் நட் நிற்க நூல் கட்டி, படுக்க வைத்துப் பல இடத்தில் தாங்கி வையுங்கள்.

லித்தியம் கிறீஸ் நல்லது, பெயரிங் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டாம் இலக்கத் தடிப்பு போதும். கிராபைட் கலந்த கரிய கிறீஸ் வேண்டாம், உருள்கிற குண்டுக்கு அந்தத் துகள் இடைஞ்சல். துருநீக்கி ஸ்பிரே அடிப்பது கிறீஸைக் கழுவிவிடும், அது கிறீஸுக்கு மாற்று இல்லை. கிறீஸை நட்டில் இருக்கும் துளையால் உள்ளே செலுத்துங்கள், வெளியே தண்டு முழுக்கப் பூசி வைத்தால் மரத்தூள் அதில் ஒட்டி அரைக்கும் களியாகிவிடும், எம்.டி.எஃப் தூள் கிறீஸில் இருக்கும் எண்ணெயையே உறிஞ்சிவிடும். வெளியே தண்டில் எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு மெல்லிய படலம் போதும்.

மழைக் காலத்தில் நாங்கள் மாலையில் மெஷினை நிறுத்துவதற்கு முன் மேசையை முனைக்கு முனை மூன்று தடவை ஓட்டிவிட்டு, எண்ணெய்த் துணியால் தண்டைத் துடைத்து மூடுகிறோம். துணியில் என்ன நிறம் வருகிறது என்று பாருங்கள். தேன் நிறமென்றால் நல்லது. மர நிறமென்றால் நட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் துடைப்பான் வளையம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் மினுங்குகிற சாம்பல் நிறம் வந்தால் அது உருக்கு, குண்டோ தவாளிப்போ தின்னத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே மோட்டரைக் கழற்றிவிட்டு, தண்டை விரலால் சுற்றி எங்கே இறுகுகிறது என்று தேடுங்கள்.